சொல்லிண்டு போங்கோ

எனக்கு ஒரு வீட்டை விட்டுக் கிளம்பத் தெரியாது. "அப்போ, நான் வரட்டுமா" என்று உட்கார்ந்தபடி ஒரு தரம் சொல்வேன். எழுந்து நின்று ஒரு தரம். செருப்பை மாட்டிக்கொள்ளும்போது ஒரு தரம். கேட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லும்போதுதான் முக்கியமான விஷயம் ஏதாவது ஞாபகத்துக்கு வரும். அதைப் பேசி முடிக்க அரை மணி. என் மனைவி இதற்குள் தெருக்கோடி வரை போய்க் கீரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததும் உண்டு.

இந்த அவஸ்தை இல்லாத ஒரே இடம் சாவு வீடு. அங்கே சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. "வரேன்" என்றால் இதே காரியத்துக்கு இன்னொரு தரம் வருவேன் என்றாகிவிடுமாம். ஆகவே போக வேண்டியது, உட்கார வேண்டியது, தரையைப் பார்க்க வேண்டியது, போதும் என்று தோன்றியதும் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து வந்துவிட வேண்டியது. வாயைத் திறக்க வேண்டாத ஒரே சமூகக் கடமை என்பதால் இதில் எனக்கு நல்ல பெயர். தேனாம்பேட்டையில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசில் யாருடைய மாமனார் தவறிப்போனாலும் துக்கம் விசாரிக்க என்னைத்தான் அனுப்புவார்கள். ஆபீஸ் வேலையில் நான் இல்லாதது யாருக்கும் தெரியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தத் திறமையை நம்பித்தான் எழுபத்தொன்றாம் வருஷம் மார்கழியில் எதிர்ப் போர்ஷனுக்குப் போனேன்.

நாங்கள் இருந்தது மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறம் ஒரு ஸ்டோர். ஒரு நடை, நடுவில் கிணறு, இரண்டு பக்கமும் வரிசையாகக் குடித்தனங்கள், ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்மல்: இதற்குத்தான் அந்தக் காலத்து மயிலாப்பூரில் ஸ்டோர் என்று பெயர். எதிர்ப் போர்ஷன் மாமா ஆடிட் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். வவுச்சர் இல்லாத எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். மழை பெய்தது என்று சொன்னால் குடையைத் தொட்டுப் பார்ப்பார். மாமி அவருக்கு நேர் எதிர். அவர்களுக்கு ஒரே பையன். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர்.

அவன் கப்பலுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று அந்த வீட்டில் நடந்தது எங்கள் வீடு வரை கேட்டது. மாமிக்குக் கடல் மேல் பயம் இல்லை. தயிர் சாதம் யார் போடுவார்கள் என்பதுதான் பிரச்சினை.

"நான் மாலுமி இல்லம்மா. ஒரு ரூம்ல ஒக்காந்துண்டு காதுல மாட்டிண்டு கேட்டுண்டே இருக்கணும். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா தட்டணும். அவ்வளவுதான்."

"தந்தியாபீஸ் மாதிரியா?"

"அதேதான். இந்தத் தந்தியாபீஸ் கொஞ்சம் ஆடும்."

பரீட்சைக்கு அவன் தட்டிப் பழகியது காப்பி டவராவின் மேல். கட்டு, கடகட, கட்டு என்று சாயங்காலம் பூராவும் கேட்கும். ஸ்டோரில் எல்லோருக்கும் அந்தப் பாஷை பாதி வந்துவிட்டது. எனக்கு மட்டும் தலைவலி வந்தது. முதல் பயணம் முடிந்து வந்தபோது என்னிடம் ஒரு வெளிநாட்டு ஷேவிங் செட்டை நீட்டினான். "அண்ணா, உங்களுக்குன்னு பார்த்து வாங்கினேன்" என்றான். என் முகத்தைப் பற்றி அதற்குமுன் யாரும் அவ்வளவு நாசூக்காக அபிப்பிராயம் சொன்னதில்லை.

மாமியிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அவள் காதில் விழும்படி யாரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது. பால்காரர், தபால்காரர், கறிகாய்க் கூடைக்காரம்மா யாரானாலும் சரி, நிறுத்தித் திருத்துவாள். "போறேன்னு சொல்லப்படாது. வரேன்னு சொல்லு." பையன் இதை வைத்தே அவளைச் சீண்டுவான். ஒவ்வொரு தரம் கப்பலுக்குக் கிளம்பும்போதும் நடையில் நின்று, "போறேம்மா" என்பான். "அடி விழும்" என்பாள். பெட்டியோடு வாசல் வரை போய், ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "வரேம்மா!" என்று கத்துவான். எழுபத்தொன்றில் தீபாவளிக்கு வந்துவிட்டுக் கிளம்பியபோதும் அப்படித்தான் கத்தினான். எனக்கும் கேட்டது.

டிசம்பர் பிறந்ததும் சண்டை வந்தது. மயிலாப்பூருக்குச் சண்டை என்றால் இருட்டடிப்பு. மாட வீதிக் கடைகளில் கறுப்புக் காகிதம் தீர்ந்துபோயிற்று. நான் ஆபீசிலிருந்து பழைய கார்பன் தாள்களைக் கொண்டுவந்து ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டினேன். பாரத யுத்தத்தில் என் பங்கு அதுதான்; விரலெல்லாம் நீலம். அப்படியும் சமையலறையிலிருந்து வெளிச்சம் கசிந்தது போலிருக்கிறது. வாசல் ரிக்‌ஷாக்காரர் கத்தினார்.

"இன்னா சாமி, லைட்டப் போட்டுக்கினு கீறே? மேலேர்ந்து பாத்தான்னா நேரா உன் தலையிலதான் போடுவான்."

"என் தலைக்கு ஒரு குண்டா? அவனுக்குக் கட்டுப்படியாகாதுப்பா."

"உன் தலைய யாரு பாத்தா? லைட்டப் பாத்துப் போடுவான்."

பையனின் கப்பல் வளைகுடாவில் சரக்கு ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ரேடியோவில் அந்தப் பக்கத்துக் கடலைப் பற்றி ஏதாவது சொன்னால் மாமா ஒலியைக் கூட்டுவார். மாமி வந்து குறைத்துவிட்டுப் போவாள்.

மார்கழி பிறந்த சமயத்தில் சண்டை முடிந்தது. ஜெயித்துவிட்டோம். தெருவில் மிச்சத் தீபாவளிப் பட்டாசையெல்லாம் வெடித்தார்கள். ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். ஜன்னல் கார்பன் தாள்களை நான் உரித்துக்கொண்டிருந்த நாளில்தான் பம்பாயிலிருந்து கம்பெனித் தந்தி வந்தது. மாமா அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் என்னைவிட நன்றாக வரும். இருந்தாலும் கொடுத்தார்.

கப்பல் குறித்த நாளில் துறைமுகம் சேரவில்லை, தொடர்பு இல்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான்.

"தாமதம்னுதானே போட்டிருக்கான்?" என்றார் மாமா.

"ஆமாம் மாமா."

"ஒண்ணு பாரு. கப்பல்ல யாருக்கு என்ன ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியவன் இவன். இவன் வேலையே அது. இவன் ஒண்ணும் சொல்லலை. அப்போ ஒண்ணும் ஆகலைன்னுதானே அர்த்தம்?"

வாழ்நாள் முழுவதும் ஆடிட்டில் இருந்த மனிதர். ரிப்போர்ட் வராத சம்பவம் நடக்காத சம்பவம். நான் தலையை ஆட்டினேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, இரண்டு நிமிஷம்.

மறுநாள் விடியற்காலை ஸ்டோரில் இருந்த அத்தனை பெண்களும் ஏதோ ஒரு சாக்கில் நடைக்கு வந்து எதிர்ப் போர்ஷன் வாசலைப் பார்த்தார்கள். கோலம் போட்டிருக்கிறதா என்று. போட்டிருந்தது. நடையை அடைத்து, படிக்கட்டு வரை, நடுவில் பூசணிப்பூவோடு. தாண்டிப் போக இடம் இல்லை. பால்காரர் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்துக் கப்பலைத் தேடுவதை நிறுத்திவிட்டதாக இன்னொரு தந்தி வந்தது. அப்புறம் ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். தி.நகர், சைதாப்பேட்டை, எங்கெங்கிருந்தோ உறவுக்காரர்கள். வருவார்கள், உட்காருவார்கள், தரையைப் பார்ப்பார்கள். நானும் போனேன். உட்கார்ந்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் சந்திராஷ்டமம் உட்பட எல்லாவற்றையும் படித்து முடித்தேன். எழுந்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தேன். என் தொழில்திறமைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நடையில் கால் வைத்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னடா, சொல்லிக்காம போறே?"

திரும்பினேன். மாமி நிலைப்படியில் நின்றிருந்தாள். அழுத முகமாக இல்லை. டிக்கெட் வாங்காமல் இறங்கப் பார்த்தவனைப் பிடித்த கண்டக்டர் மாதிரி இருந்தாள்.

"இல்ல மாமி... இதோ, எதிர்லதானே..."

"எதிராத்துலேர்ந்து வந்தா சொல்லிக்கப்படாதுன்னு யார் சொன்னா? எங்காத்துல என்ன ஆயிடுத்து? வரேன்னு சொல்லிட்டுப் போ."

"வரேன் மாமி."

"ம். வா."

எனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான். மாமி உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாலும் சரி, யாராவது சத்தமில்லாமல் எழுந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். "சொல்லிண்டு போங்கோ" என்ற குரல் நடை வரை துரத்திக்கொண்டு வரும். அவர்கள் திரும்பி வந்து, செருப்புக் காலோடு நின்று, வராத வார்த்தையை வரவழைத்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மாமாவின் சித்தப்பா பிள்ளை ஒருவர், பெரிய உத்தியோகம், காரில் வந்தார். கிளம்பும்போது மாமி கேட்டாள். அவர் பொதுவாக யார் கேட்டும் பதில் சொல்கிற ஆசாமி இல்லை. அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, "இந்த மாதிரி சமயத்துல சொல்லிக்கப்படாது மன்னி" என்றார்.

"எந்த மாதிரி சமயத்துல?"

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா காலண்டரைப் பார்த்தார். நான் எங்கள் வாசலில் நின்று, அப்போதைக்குக் கையில் கிடைத்த ஒரு மாவடு ஜாடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்கோ. எந்த மாதிரி சமயம்?"

"வரேன் மன்னி" என்றார்.

"எப்போ?"

"எப்போன்னா... பொங்கல் கழிச்சு ஒரு நாள்..."

"ஆகட்டும். சாப்பிடற மாதிரி வாங்கோ."

அவர் வரவில்லை. யாருமே இரண்டாம் தரம் வரவில்லை. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர்கள் ஒருத்தர்கூடத் திரும்பி வராத வீடு மயிலாப்பூரிலேயே அது ஒன்றுதான். எங்கள் ஸ்டோரில் சிலர் ஆபீசுக்குப் போகும்போது அந்த வாசலைத் தவிர்த்துக் கிணற்றடி வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த வசதியும் இல்லை, எதிர்வீடு. காலையில் ஆபீசுக்கு, சாயங்காலம் வெற்றிலைக்கு, ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ள என்று, கால் வெளியே வைக்கும்போதெல்லாம் "வரேன் மாமி." "வா."

மாசி மாசம் மாமா என்னைத் துணைக்கு அழைத்தார். துறைமுகத்துக்கு எதிரே கம்பெனியின் ஏஜெண்டு ஆபீஸ் இருந்தது. பம்பாயிலிருந்து ஏதோ தகவல் வந்திருக்கிறதாம், நேரில் வரச் சொல்கிறார்களாம். பஸ்ஸில் போனோம். வழி முழுவதும் மாமா தன் வாதத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். அவன் சொல்லவில்லையே. சொல்ல வேண்டியவன் அவன்தானே.

எங்களிடம் பேசியவர் சாந்தோமைச் சேர்ந்த கிறிஸ்தவர். மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் குடும்பத்திலும் கப்பலுக்குப் போனவர்கள் உண்டு என்று சொன்னார். உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். இவ்வளவு மரியாதை நடந்தால் விஷயம் நல்லதாக இருக்காது என்று எனக்குக்கூடத் தெரிந்தது.

"ஐயா, அந்த ராத்திரி அந்தப் பக்கமா இன்னொரு சரக்குக் கப்பல் போயிருக்கு. சண்டை நேரம்னு அவங்க யாரோடயும் பேசாம போயிருக்காங்க. அந்தக் கப்பல்ல ரேடியோல இருந்தவரு இப்பத்தான் ரிப்போர்ட் குடுத்திருக்காரு. நம்ம கப்பலோட அடையாள எழுத்து அவரு காதுல விழுந்திருக்கு. ஒரு தடவை. மறுபடி இன்னொரு தடவை. அப்புறம் ஒண்ணும் வரல."

மாமா தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"எங்க இருக்கோம்னு சொன்னானா?"

"அது வரைக்கும் போகல ஐயா."

"தட்டினது இவன்தான்னு எப்படித் தெரியும்?"

"வேற யாரு ஐயா தட்டுவாங்க?"

கிளம்பும்போது மாமா பழக்கத்தில், "வரேன் சார்" என்றார். அந்த மனிதர் பதில் சொல்லாமல் கையைக் குவித்துக்கொண்டு நின்றார். வெளியே படிக்கட்டில் மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வவுச்சர் வந்துவிட்டது. அவருக்கு எழுபது வயது ஆனது அந்தப் படிக்கட்டில்தான், ஏறும்போது அறுபத்திரண்டுதான்.

"ஆத்துல சொல்ல வேண்டாம்" என்றார்.

பஸ்ஸில் வேறு எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் எனக்கு நல்ல பெயர் என்று சொன்னேனே.

மாமியிடம், "விசாரிச்சுண்டிருக்கா" என்று மட்டும் மாமா சொன்னார். பேச்சு அதோடு போயிற்று. அடுத்த தீபாவளிக்கு அந்த வீட்டில் வாணலி வைத்தார்கள். ஸ்டோரில் யாரும் எதிர்பார்க்கவில்லை. துக்க வீடு, பண்டிகை இருக்காது என்று ஒவ்வொரு வீட்டிலும் அவர்களுக்காகவும் சேர்த்து முறுக்குப் பிழிந்திருந்தார்கள். அவர்கள் கொண்டுபோய்க் கொடுப்பதற்குமுன் மாமியே தட்டுத் தட்டாக எல்லா வீட்டுக்கும் கொண்டுவந்தாள். அவளுடைய முறுக்கு எப்போதும் கல் மாதிரி இருக்கும். அந்த வருஷமும் அப்படித்தான் இருந்தது. என் மனைவி தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அழுதாள். நான் முறுக்கைக் கடித்து, பல் வலி என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டேன்.

சண்டையில் பிடிபட்டவர்களை இரண்டு பக்கமும் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பேப்பரில் வந்ததும் மாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பையன் அங்கே ஜெயிலில் இருக்கிறான். சரக்குக் கப்பல்காரர்களைக் கடைசியாகத்தான் விடுவார்களாக்கும். அதுவரை அந்த ஊர் ஜெயிலில் என்ன சாப்பாடு போடுவான்கள்? மறுபடியும் தயிர் சாதத்துக்கே வந்து நின்றாள். நாளாக ஆக, எல்லைக்கே போய் நிற்க வேண்டும் என்றாள். கேட்டைத் திறந்து விடும்போது யாரும் போய் நிற்காவிட்டால் குழந்தை எங்கே போவான்? டிக்கெட் வாங்குங்கோ. மாமா நாளை, மறுநாள் என்று தள்ளிப் பார்த்தார். அவள் பெட்டியில் கம்பளியையும் அவனுடைய இரண்டு வேட்டியையும் எடுத்து வைத்துவிட்டாள். கடைசியில் ஒரு நாள் மத்தியானம், வேறு வழி இல்லாமல், மாமா சொல்லிவிட்டார்.

அன்று சத்தம் ஏதும் கேட்கவில்லை. டவரா தட்டினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும் ஸ்டோர் அது. சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாமி எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீயும் கூடப் போயிருந்தியாமே, துறைமுகத்துக்கு?"

"ஆமா மாமி."

"கூப்பிட்டானாமே?"

"ஆமா."

"யாரைக் கூப்பிட்டான்?"

எனக்கு அந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. படித்த புஸ்தகங்கள் எல்லாம் அலமாரியில் என் பின்னால்தான் இருந்தன. அவற்றில் ஒன்றும் முன்னால் வரவில்லை.

"எல்லாரையும்தான் மாமி. காதுல விழற யாரா இருந்தாலும்."

"ரெண்டு தரம்."

"ஆமா."

"ஒருத்தருக்குக் கேட்டிருக்கே. அவர் பதில் சொல்லலையா?"

"சண்டை நேரம் மாமி. பேசப்படாதுன்னு உத்தரவு."

"ஒரு வார்த்தைகூடவா?"

என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். மாமி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கொஞ்ச நேரம் எங்கள் நிலைப்படியின் மஞ்சள் பூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இங்கதானே இருந்தேன்" என்றாள். அப்புறம் போய்விட்டாள். போகும்போது என்ன சொன்னாள், சொன்னாளா என்று எனக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகும் கோலம் போட்டாள், பண்டிகை செய்தாள். அவள் மாறிவிட்டதாக யாரும் சொல்லவில்லை. நானும் காலையிலும் மாலையிலும் "வரேன் மாமி" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கேட்காமலே சொல்லிவிடும் பழக்கம் வந்துவிட்டதால், அவள் கேட்பதை நிறுத்திவிட்டாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லாமல் போயிற்று.

எழுபத்துநாலில் நாங்கள் வேளச்சேரிக்கு வீடு மாறினோம். அப்போது வேளச்சேரி என்றால் ஏரி, அதைச் சுற்றி வயல், மிச்சம் தவளை. அந்தத் தவளைகளுக்குச் சொந்தமான இடத்தில் கடன் வாங்கி ஒரு வீட்டைக் கட்டியிருந்தேன். சாமான் ஏற்ற லாரி வந்தது. அம்மிக்கல்லை யார் தூக்குவது என்று சண்டை. புஸ்தக அலமாரி நடையில் சிக்கிக்கொண்டது. லாரிக்காரர், "இன்னா சார், அம்புட்டும் பேப்பரா? கட்டில் கிட்டில் ஒண்ணும் இல்லியா?" என்றார். இந்த அமளியில் மாமா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாமி நிலைப்படியில் நின்று சாமான்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி நமஸ்காரம் செய்து குங்குமம் வாங்கிக்கொண்டு லாரியில் முன்பக்கம் ஏறிவிட்டாள். நான் கடைசியாகச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, அலமாரி இடித்துக் காரை பெயர்ந்ததற்கு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வேகமாக வாசலுக்கு வந்தேன்.

கேட்டில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. மாமியின் வாசலைத் தாண்டி வந்திருக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பவில்லை. அப்படியே நின்றேன். குரல் வரும். என்னடா, சொல்லிக்காம போறே. மூன்று வருஷமாக வந்த குரல். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் எனக்கு இருக்கும் அனுபவம் யாருக்கும் கிடையாது, நின்றேன். கிணற்றில் யாரோ வாளியை விட்டார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

கடைசியில் திரும்பிப் பார்த்தேன். மாமி அங்கேயேதான் இருந்தாள். நிலைப்படியில், ஒரு கை கதவில். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லாமல் கிளம்பியது அவளுக்குத் தெரியும். கோபம் இல்லை. முறைப்படி நடந்துகொண்ட ஒருவனைப் பார்க்கிற மாதிரி தலையை லேசாக அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

நாலடி திரும்பிப் போய், வரேன் மாமி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அது என்ன வீடு என்று அவளே ஒப்புக்கொண்டாகிவிட்டது. இனிமேல் அங்கே சொல்லக் கூடாது.

"இன்னா சார், போலாமா?" என்றார் லாரிக்காரர்.

ஏறி உட்கார்ந்தேன்.